ஆச்சி பாடிய பாட்டும் ஐந்து இசைத்தட்டுகளும்



வருஷக் கடைசி வந்துவிட்டது. வடாம், ஊறுகாய், பிள்ளைகளுக்குச் சளி, இருமல் என்று எழுதிக்கொண்டிருக்கிற இந்தப் பக்கத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டுக் கச்சேரியும் உண்டு என்பது பழைய வாசகிகளுக்குத் தெரியும். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் அதிகமாகக் கேட்ட இசைத்தட்டுகள் எவை, ஏன் பிடித்தன என்று ஒரு கணக்குக் கொடுத்துவிடுவேன்.

இந்த வருஷக் கணக்கில் இருப்பதெல்லாம் நாட்டுப்பாட்டும் கிறிஸ்தவ வழிபாட்டுப் பாட்டும் கைகோத்துக்கொண்ட தட்டுகள். "என்னம்மா, திடீரென்று மாதா கோயில் பக்கம் திரும்பிவிட்டீர்கள்?" என்று கேட்பீர்கள். காரணம் எங்கள் எதிர் வீடு.

எதிர் வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய அம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. தெருவில் எல்லோருக்குமே அவர் 'ஆச்சி'தான். இரண்டு வருஷமாக ஆச்சிக்கு மறதி. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு சாப்பிட்டது மறந்தது. கடைசியில் பெற்ற மகளையே, "நீ யாரும்மா, எந்த ஊரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "நான் உங்க வீட்டுப் பிள்ளைதாம்மா" என்பார். அப்புறம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஜனவரியில் ஒரு நாள் காலை, டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஆச்சி சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் அரிசி சலசலத்த சத்தம் காதில் விழுந்ததோ என்னவோ, ஆச்சி பாட ஆரம்பித்தார். ஒரு வரி இரண்டு வரி இல்லை, முழுப் பாட்டு! மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தை இயேசுவைத் தூங்கவைக்கிற தாலாட்டு. மெட்டு மட்டும் நாற்று நடுகிற பெண்கள் பாடுகிற மெட்டு. டீச்சரின் பேரன் நல்ல காரியம் செய்தான். சத்தம் போடாமல் செல்போனை எடுத்துப் பதிவு செய்துவிட்டான்.

டீச்சர் அன்றைக்கே வீட்டில் இருந்த கீர்த்தனைப் புத்தகம், பாமாலைப் புத்தகம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். அந்தப் பாட்டு எதிலும் இல்லை. "எங்க பாட்டி வயலுக்குப் போனவங்க, அக்கா. அவங்களே கட்டிப் பாடியிருப்பாங்க. அம்மா இத்தனை வருஷமா எங்க முன்னால பாடினதே இல்லையே! கோயில்ல பாடுற பாட்டு இல்லைன்னு வெட்கப்பட்டுட்டாங்க போல" என்றார்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. கோயிலுக்கு ஒரு பாட்டு, வயலுக்கு ஒரு பாட்டு என்று பிரித்து வைத்தது யார்? இப்படிப் பிரித்ததைச் சேர்த்துப் பாடியவர்கள் வேறு எங்கேயாவது உண்டா? அன்று முதல் நானும் டீச்சரும் சனிக்கிழமை மத்தியானம் தோறும் ஒரு தட்டாகத் தேடித் தேடிக் கேட்டோம். ஆச்சியும் கூடவே உட்கார்ந்து கேட்பார். அப்படிக் கேட்டதில் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஐந்தைத்தான் கீழே சொல்கிறேன். எல்லாமே கொஞ்சம் பழையவை. ஆனால் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். பெயரைச் சொன்னால் செல்போனிலேயே வந்து நிற்கின்றன.

1. காங்கோ நாட்டுப் பிள்ளைகளின் 'மிஸ்ஸா லூபா'

ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காலம். கீடோ ஹாஸன் என்ற பெல்ஜியப் பாதிரியார் 1953-ல் காமினா என்ற ஊருக்கு வந்தார். அங்கே லூபா மக்கள் பாடுகிற பாட்டைக் கேட்டு அசந்துபோனார். சுமார் 45 சிறுவர்களையும் 15 ஆசிரியர்களையும் சேர்த்து ஒரு பாடகர் குழு அமைத்தார். கோயில் பூசையில் வழக்கமாகச் சொல்கிற லத்தீன் மந்திரங்களை அவர்கள் தங்கள் சொந்த மெட்டில், தங்கள் சொந்த மத்தளத்தோடு பாடினார்கள். அதுதான் 'மிஸ்ஸா லூபா'. 1958-ல் முதன்முதலாகக் காமினா கோயிலில் பாடினார்கள். அதே வருஷம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாடினார்கள். இசைத்தட்டும் அப்போது பதிவானதுதான்.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். இந்தப் பாட்டுகளை யாரும் ஸ்வரம் எழுதி வைத்துக்கொண்டு பாடவில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற வழக்கம்தான். நம் ஊர்க் கும்மி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'பரிசுத்தர்' என்று கடவுளைத் துதிக்கிற இடத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு, ஊரைவிட்டுப் போகிறவர்களை வழியனுப்புகிற மெட்டு! கேட்கும்போது தொண்டை அடைக்கும். மகளை வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த அம்மாக்களுக்கு நான் விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

மொத்தமும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குழந்தைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். பாடுவதும் குழந்தைகள்தானே! எங்கள் வீட்டுப் பொடிசு தட்டை எடுத்துக்கொண்டு தாளம் போட்ட அழகைப் பார்க்க வேண்டும்.

2. இரண்டு சமையற்காரக் கன்னிமார்களும் 'மிஸா க்ரியோல்லா'வும்

எனக்கு முதல் பரிசு கொடுக்கச் சொன்னால் இதற்குத்தான் கொடுப்பேன். தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டு இசையமைப்பாளர் ஏரியல் ராமிரெஸ் 1964-ல் இயற்றியது.

இதன் பின்னணியை ராமிரெஸ் தாமே சொல்லியிருக்கிறார். 1950-களில் அவர் ஜெர்மனியில் வுர்ஸ்புர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கன்னிமாடத்தில் தங்கியிருந்தார். அவருக்கு ஜெர்மன் பாஷை தெரியாது. ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர், எலிசபெத், ரெஜினா என்ற சகோதரிகள். இருவரும் சமையலறைப் பொறுப்பில் இருந்தவர்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில் பழைய கதை ஒன்றைச் சொன்னார்கள். நாஜிகள் காலத்தில் பக்கத்திலிருந்த பெரிய மாளிகை ஒன்று யூதக் கைதிகளை அடைத்து வைக்கும் இடமாக இருந்ததாம். உள்ளே பட்டினி. உதவி செய்தால் தூக்கு. இருந்தும் இந்த இரண்டு பேரும் ஒவ்வோர் இரவும் சமையலறையில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி, கம்பி வேலிக்கு அடியில் இருந்த ஒரு பள்ளத்தில் வைத்துவிட்டு வருவார்களாம். காலையில் பொட்டலம் இருக்காது. இப்படியே பல மாதங்கள். பிறகு ஒரு நாள் பொட்டலம் எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இதைக் கேட்டதும் இந்தச் சகோதரிகளுக்காக ஆழமான பக்திப் பாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்று ராமிரெஸ் மனசில் விழுந்ததாம். சாப்பாட்டுப் பொட்டலத்தில் பிறந்த சங்கீதம்! சமையற்கட்டில் நிற்கிற நாம் செய்கிறதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரிகிறது என்று அலுத்துக்கொள்கிற நாட்களில் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அது வரை கத்தோலிக்கக் கோயில்களில் பூசை பெரும்பாலும் லத்தீனில்தான். 1963 டிசம்பரில் வாட்டிகனில் கூடிய சபை, அவரவர் தாய்மொழியிலும் வழிபடலாம் என்று வழி திறந்துவிட்டது. உடனே ராமிரெஸ் ஸ்பானிஷ் மொழியில், தன் நாட்டுக் கிராமத்து நடன மெட்டுகளில் முழுப் பூசையையும் அமைத்துவிட்டார். சராங்கோ என்ற சின்னத் தந்தி வாத்தியம், பொம்போ என்ற பெரிய தோல் மத்தளம், பின்னால் கோயில் பாடகர் குழு. முன்னால் பாடுகிறவர்கள் லாஸ் ஃப்ரான்டெரிஸோஸ் என்ற நாட்டுப்பாட்டுக் குழுவினர். ஆரம்பப் பகுதியில் மத்தளம் தூரத்தில் இடி முழங்குவதுபோல் மெதுவாக வரும். இரண்டாம் பகுதி கேட்டால் கால் தானாக ஆடும். "கோயில் பாட்டுக்குக் காலை ஆட்டலாமாக்கா?" என்று டீச்சர் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் கால் ஆடியது!

மூலத் தட்டுக்குப் பிறகு பலர் இதைப் பாடியிருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் பெரிய நாட்டுப்பாட்டுக்காரி மெர்ஸிடெஸ் ஸோஸா பாடிய பதிவு 2000-ல் லத்தீன் கிராமி பரிசு வாங்கியது. பெண் குரலில் கேட்க விரும்புகிறவர்கள் அதைக் கேட்கலாம். 2014 டிசம்பர் 12-ம் தேதி, ரோமில் போப் பிரான்சிஸ் நடத்திய பூசையிலேயே இது ஒலித்தது. நடத்தியவர் ராமிரெஸின் மகன். அப்பா 2010-ல் காலமாகிவிட்டார்.

3. கைக்குழந்தையோடு பாடப் போன கார்ட்டர் குடும்பம்

இது அமெரிக்க மலைக் கிராமத்துக் கதை. 1927 ஆகஸ்டு மாதம். வர்ஜீனியா மாநிலத்து மலையடிவாரத்திலிருந்து ஒரு பழைய கார் பிரிஸ்டல் என்ற ஊரை நோக்கிப் போகிறது. அதில் ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி ஸாரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல். மேபெலுக்கு அப்போது வயது 18. கர்ப்பிணி! ஸாராவின் மடியில் பால்குடி மறக்காத கைக்குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகளும் கூட. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் பிரிஸ்டலில் பழைய தொப்பிக் கிடங்கு ஒன்றில் மெஷினை வைத்துக்கொண்டு, நன்றாகப் பாடுகிறவர்களுக்குப் பாட்டுக்கு 50 டாலர் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். இரண்டு நாளில் ஆறு பாட்டு பதிவானது. அமெரிக்க நாட்டுப்பாட்டுச் சரித்திரமே அங்கிருந்துதான் ஆரம்பம் என்று பலர் சொல்கிறார்கள்.

"கர்ப்பமா இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல்?" என்று யாராவது மேபெலைத் தடுத்திருந்தால்? அவர் கிட்டார் வாசிக்கிற தினுசே தனி. கட்டை விரலால் கனத்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரலால் தாளம் தட்டுவார். பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் பாடியதெல்லாம் ஊரில் கேட்ட பழைய பாட்டும் கோயில் பாட்டும்தான். ஏ.பி. கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேர்ப்பார். கூடவே லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் போவார். ஏ.பி. வார்த்தையை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் ஏற்றிக்கொள்வார். வெள்ளைக்காரரும் கறுப்பரும் ஒரே மேஜையில் சாப்பிட முடியாத காலம் அது.

நாங்கள் கேட்ட தட்டு 1972-ல் வெளியான 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்'. மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு. நிட்டி கிரிட்டி டர்ட் பாண்ட் என்ற, தலைமுடி வளர்த்த இளவட்டப் பிள்ளைகள் நாஷ்வில் நகரத்துக்குப் போய், பழைய தலைமுறைக் கலைஞர்களோடு உட்கார்ந்து 1971 ஆகஸ்டில் பதிவு செய்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இளையவர்களுக்கும் பெரியவர்களுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. வியட்நாம் சண்டை நடந்துகொண்டிருந்தது. முடி நீளமாக இருந்தாலே சண்டை! அந்தப் பிள்ளைகளோடு மேபெல் பாட்டியும் வந்து உட்கார்ந்தார், அறுபத்திரண்டு வயதில். தலைப்புப் பாட்டு, அம்மாவின் சவ ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை பாடுவது. 1907-ல் வந்த ஒரு கோயில் பாட்டை ஏ.பி. இழவுப் பாட்டாக மாற்றியது. மேபெல் ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். குரல் எல்லாம் ஒரே சுதியில் இல்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் பாடுகிற மாதிரிதான் இருக்கிறது. அதுதான் அழகு.

4. ஜானி காஷ்: அம்மாவின் பாட்டுப் புத்தகம்

மேபெலின் மகள் ஜூன் கார்ட்டரைக் கல்யாணம் செய்துகொண்டவர்தான் பிரபல பாடகர் ஜானி காஷ். ஏழைப் பருத்தி விவசாயியின் பிள்ளை. சின்ன வயதில் அவர் பாடுவதைக் கேட்டு, இவனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர் அம்மா. பிறத்தியார் துணியைத் துவைத்துக் கொடுத்து, அந்தக் காசில் பாட்டு வாத்தியாரிடம் அனுப்பினார். மூன்றாவது வகுப்பிலேயே அந்த டீச்சர், "இனி யாரிடமும் கற்றுக்கொள்ளாதே, உன் குரலை யாரும் மாற்ற விடாதே" என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டாராம். நல்ல டீச்சர்!

அம்மாவிடம் கிழிந்துபோன ஒரு கோயில் பாட்டுப் புத்தகம் இருந்தது. அதிலிருந்து பதினைந்து பாட்டை, வேறு பக்கவாத்தியமே இல்லாமல் ஒரே ஒரு கிட்டாரோடு, வயசான காலத்தில் ஜானி பாடினார். 2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பரில் ஜானியும் போய்விட்டார். 2004-ல் இந்தப் பாட்டுகள் 'மை மதர்ஸ் ஹிம் புக்' என்ற பெயரில் தனித் தட்டாக வந்தன. எத்தனையோ தட்டு போட்டவர், தமக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார்.

குரல் நடுங்குகிறது. சில இடத்தில் மூச்சு வாங்குகிறது. எனக்கு அது குறையாகவே படவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றியபின், வேலை எல்லாம் ஒழிந்து கேட்க வேண்டிய தட்டு. ஆச்சி இதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார்.

5. அரீதா ஃப்ராங்க்ளினின் 'அமேஸிங் கிரேஸ்'

அமேஸிங் கிரேஸ் என்ற பாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் காப்டனாக இருந்து, பின்னால் மனம் மாறிப் பாதிரியாரான ஜான் நியூட்டன் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதியது. 1773 புத்தாண்டு நாளில் தமது கோயிலில் முதலில் சொன்னார். இப்போது நாம் கேட்கிற மெட்டு அவருடையது அல்ல. அமெரிக்க நாட்டுப்புறத்து மெட்டு. 1835-ல்தான் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். அடிமையை விற்றவர் எழுதிய வார்த்தையை, அடிமைகளின் சந்ததியார் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதுதான் பெரிய ஆச்சரியம்.

அரீதா பாதிரியார் மகள். கோயிலில் பாடி வளர்ந்தவர். பத்து வயது நிறையும் முன்பே அம்மாவை இழந்தவர். பிறகு உலகப் புகழ். 29-வது வயதில், 1972 ஜனவரி 13, 14 தேதிகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு சாதாரணக் கோயிலில் மறுபடி பாட வந்தார். ஜனங்களும் உட்கார்ந்திருக்க, அப்படியே பதிவு செய்தார்கள். கைதட்டல், அழுகை, நடுவே அவர் அப்பா எழுந்து மகளைப் பற்றிப் பேசுவது எல்லாம் தட்டிலே இருக்கிறது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணின் சந்தோஷம் அந்தக் குரலில்.

இதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அடிக்க வேண்டிய 'கிளாப்' பலகையை அடிக்க விட்டுவிட்டார்களாம். எந்தப் படத்துக்கு எந்தச் சத்தம் என்று சேர்க்க முடியாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் 2018-ல், அரீதா காலமான பிறகுதான் வெளியே வந்தது. அஞ்சறைப் பெட்டியில் பேர் எழுதாத டப்பா மாதிரி! இந்தச் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நம் ஊரிலே...

"வெளிநாட்டுக் கதை எல்லாம் சரி, நம்ம பக்கத்திலே யாரும் செய்யலையா?" என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) காலத்திலிருந்தே கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் உண்டு. ஆனால் வயல்காட்டுப் பாட்டும் பறையும் கோயில் வாசற்படி ஏற வெகு காலம் ஆயிற்று. மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை அண்ணன்' என்றால்தான் தெரியும், முழு ஆராதனையையும் கிராமிய இசையிலேயே அமைத்தார். ஒடுக்கப்பட்ட ஜனங்களின் இசைக்குச் சாமி முன்னால் இடம் இல்லை என்றால், அந்த ஜனங்களுக்கும் இடம் இல்லை என்றுதானே அர்த்தம் என்பது அவர் கட்சி. கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அதில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் அவர் பெரிய வழிபாடாக நினைத்தார்.

இதை நான் சொன்னதும் டீச்சர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டியும் சாமி முன்னால தைரியமா பாடியிருக்கலாமே அக்கா" என்றார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

ஆகஸ்டு மாதம் ஆச்சி போய்விட்டார். தூக்கத்திலேயே, அமைதியாக. அடக்க ஆராதனையில் எல்லா வழக்கமான பாட்டும் பாடினார்கள். கடைசியில் பேரன் செல்போனை ஒலிபெருக்கியில் வைத்தான். அரிசி களைகிற சத்தம். பிறகு ஆச்சியின் குரல். நாலு நிமிஷம். கோயிலில் ஒரு கண்ணும் காயவில்லை. அந்த வயல்காட்டுத் தாலாட்டு கோயிலுக்குள் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது.

எனக்கு? என் அம்மா தினமும் பாடினார். ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது பாடுவார், என் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுப் பாடுவார். எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரும் இருந்தது. அதில் சினிமாப் பாட்டு அத்தனையும் பதிந்து வைத்தோம். அம்மாவின் பாட்டு ஒன்றுகூட இல்லை. "அம்மாதானே, எங்கே போகப்போகிறார்!" என்று இருந்துவிட்டோம். இப்போது முதல் இரண்டு வரி ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது வரி எத்தனை யோசித்தாலும் வருவதில்லை.

அதனால் சொல்கிறேன். இந்த விடுமுறையில் மாமியாரையோ, அம்மாவையோ, அத்தைப் பாட்டியையோ பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். எந்தச் சாமி பாட்டானாலும் சரி, சாமியே இல்லாத நடவுப் பாட்டானாலும் சரி. சில யோசனைகள்:

* "பாடுங்கள்" என்று முன்னால் போய் நின்றால் வெட்கப்படுவார்கள். கூடவே கீரை ஆய்ந்துகொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ பேச்சுக் கொடுங்கள். பாட்டு தானாக வரும். பதிவு செய்யப்போவதை மட்டும் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

* மின்விசிறி, மிக்ஸி, டி.வி. மூன்றையும் நிறுத்துங்கள். செல்போனை மடித்த துண்டின் மேல், ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மேஜை அதிர்ச்சி கேட்காது.

* ஆரம்பத்திலேயே தேதி, பாடுகிறவர் பேர், ஊர், யாரிடம் கற்றது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அரீதாவின் சினிமாவுக்கு நேர்ந்த கதி உங்கள் பாட்டுக்கு வேண்டாம்.

* நடுவில் மறந்துவிட்டால் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். காத்திருங்கள். மறதி நோய் வந்தவர்களுக்குக்கூட இளமையில் கேட்ட பாட்டு கடைசி வரை நிற்பது உண்டு.

* ஒரே செல்போனில் வைத்திருக்காதீர்கள். அது தண்ணீர்ப் பானையில் விழுந்தால் போயிற்று! அக்கா, தங்கை, நாத்தனார் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. "எனக்குக் குரல் நன்றாக இல்லை, செல்போனில் தாலாட்டுப் போட்டுவிடுகிறேன்" என்று எழுதுகிறீர்கள். 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களை வைத்துப் பார்த்தார்கள். ரப்பர் காம்பைச் சப்புகிற விதத்தைப் பொறுத்து ஒரு குரல் கேட்கும்படி வைத்தார்கள். சிசுக்கள் வேறு பெண்ணின் குரலை விட்டுவிட்டு, தன் அம்மாவின் குரல் வருகிற மாதிரியே சப்பினவாம்! உங்கள் பிள்ளைக்கு உங்கள் குரல்தான் பெரிய பாடகி குரல். சுதி பிசகினாலும் பரவாயில்லை, பாடுங்கள். தட்டுப் போட்டுக் கேட்கும்போதும் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பக்கத்தில் நிற்கிறவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அது சரியான அளவு. சின்னக் குழந்தைகள் காதில் ஹெட்ஃபோன் மாட்டவே வேண்டாம்.

டீச்சர் வீட்டில் இந்த மாதம் பேத்திக்குப் பிரசவம். பெண் குழந்தை. நேற்று எதிர் வீட்டு ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்டது. டீச்சர்தான், ஆச்சியின் தாலாட்டு. ஒரு வரியில் தடுமாறினார், பேரன் எடுத்துக்கொடுத்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடிய பாட்டு எது, யாரிடம் கற்றார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பிள்ளைகளின் பனிக்காலத்து இருமலோடு சந்திப்போம். அது வரை... பாடிக்கொண்டிருங்கள்!